கொழுக்கட்டையாகிப் போன கிரைண்டர்

யாழினி, கவின், இரண்டு பேரும் இதை ஓர் இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். கஷ்டமான எழுத்து வந்தால் அம்மாவிடம் கேளுங்கள். கதையை மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். அவள் சொல்லும் கதையில் நான் ஆபீஸில் அழுததாக வரும். நான் அழவில்லை. கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது. கம்ப்யூட்டர் ஆபீஸில் இரும்புத்தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை யாழினியின் தோழிகள் வந்திருந்தபோது, தோசை மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து, "எங்கப்பா செஞ்ச கிரைண்டர் மாதிரியே இருக்கு" என்று சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என்ன ஏது என்று தெரியாமலே அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரிப்பதையாவது விவரம் தெரிந்து சிரிக்க வேண்டாமா?

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்போது உங்கள் அப்பா ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, சுத்தமாக வேலை செய்கிற முட்டாள். சோம்பேறி செய்த தப்பை ஐந்து நிமிடத்தில் சரி பண்ணி விடலாம், ஏனென்றால் அவன் அவ்வளவு நேரம்தான் உழைத்திருப்பான். சுத்தமாக வேலை செய்கிறவன் ஒன்பது நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தப்பு செய்வான். ஊரில் எந்தக் கடப்பாரை கொண்டு வந்தாலும் அதைப் பெயர்க்க முடியாது.

நான் படித்தது ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். பொம்மசந்திராவில் ஒரு தகடு வேலை செய்யும் ஷெட்டில் எட்டு வருஷம் இருந்தேன். வெட்டி, துளை போட்டு, வளைத்த தகடு கடைசியாக என் மேஜைக்கு வரும். வெட்டின ஓரத்தில் பிசிறு நிற்கும். பார்த்தால் தெரியாது, தொட்டால் கிழிக்கும். அதை அரத்தால் ராவி, ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கி அனுப்ப வேண்டும். 'பிசிறு எடுக்காத பீஸைக் கீழே வைக்காதே' என்று எங்கள் ஷெட் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில், கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். எட்டு வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, அது சுவரிலிருந்து இறங்கி என் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. (வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தைக்கூட ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். கல்யாணமான புதிதில் உங்கம்மா அதைப் பார்த்துப் பயந்து போனாள்.)

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மாடியில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு போய் கம்ப்யூட்டரில் உருவம் செய்யக் கற்றுக்கொண்டேன். அதைக் கொண்டு பிரேசர் டவுனில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை கிடைத்தது. கீழே பேக்கரி, மேலே நாங்கள். மிக்ஸி, குக்கர், ஃபேன் என்று எதையும் போட்டோ எடுக்காமல், கம்ப்யூட்டரிலேயே அச்சு அசலாகச் செய்து, அட்டைப்பெட்டி மேலே போடப் படமாகக் கொடுப்பதுதான் தொழில். ஆறு மாதம் ட்ரையல். சரியாக வந்தால் நிரந்தரம் என்று லெட்டர் கொடுப்பார்கள்.

ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது ஃபோர்மேன் சிரித்தார். "போய்ட்டு வா பாஸ்கரு. உன் மேஜைய வேற எவனுக்கும் தரமாட்டேன். ஆறு மாசத்துல வந்துருவே."

நான் வீறாப்பாகத்தான் வந்தேன். ஆனால் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், துணியில் சுற்றி, என் அரம் ஒன்றைத் தினமும் எடுத்துப் போனேன். யாராவது கேட்டால் 'ராசிக்கு' என்பேன். உண்மை என்னவென்றால், எந்த நாள் திரும்பப் போக வேண்டி வருமோ என்ற பயம். யாழினி, ட்ரையல் முடிகிற சமயம் நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். திரும்பிப் போனால் ஷிஃப்ட், தூசி, நைட் டூட்டி. நீ பிறக்கும்போது நான் வீட்டில் இருப்பேனா, மெஷின் பக்கத்தில் இருப்பேனா என்பதுதான் அந்த லெட்டரில் இருந்தது.

இப்போது கொஞ்சம் தொழில் பாடம். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஓர் உருவம் என்பது கோடுகளால் பின்னின வலை. முதலில் பெரிய பெரிய கட்டமாகப் போட்டு, பிறகு 'ஸ்மூத்' பட்டனை அழுத்தினால், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வழவழ என்று உருட்டிவிடும். அதற்கு எது மூலை, எது கன்னம் என்று தெரியாது. சதுரப் பெட்டியைக் கொடுத்தாலும் உருண்டையாக்கித் திருப்பித் தரும். இந்த மூலை மூலையாகவே நிற்க வேண்டும் என்றால் அதன் ஓரத்திலேயே துணைக்கு இன்னொரு கோடு ஓட்ட வேண்டும். தலையணை உறையின் ஓரத்தில் ஒரு தையல் ஓடுகிறதே, அதுபோல. தையல் இருக்கும் இடத்தில் பஞ்சு எவ்வளவு உப்பினாலும் ஓரம் நிற்கும். துணைக்கோடு மூலைக்கு ஒட்டி இருந்தால் மூலை கூராக நிற்கும், தள்ளிப் போனால் மழுங்கும்.

இதற்குப் பல வழி உண்டு. ஒவ்வொரு கோட்டையும் கையால் போடலாம். 'இந்த ஓரம் கூர்' என்று கம்ப்யூட்டருக்கு ஒரு குறி வைக்கலாம், ஆனால் அது கத்தி முனை மாதிரி நிற்கும். நிஜமான எந்தச் சாமானுக்கும் அப்படி ஓரம் கிடையாது. இல்லையென்றால், எந்தெந்த ஓரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மழுக்குகிற வேலையை 'பெவல்' என்ற செட்டிங்கில் விடலாம். கடைசி வரை நம்பரை ஏற்றலாம், இறக்கலாம். எந்த வேலைக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதில்தான் தொழிலே இருக்கிறது.

ஆபீஸில் என் மேலாளர் ஷில்பா மேடம். பெங்களூர்க்காரர். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர். டேபிள் டாப் கிரைண்டர் வேலையை என்னிடம் கொடுத்த அன்றே சொன்னார்.

"பாஸ்கர் அவ்ரே, ஓரத்துக்கு இப்பவே கோடு போட்டு டைம் வேஸ்ட் மாடபேடி, பண்ணாதீங்க. மார்க் மட்டும் பண்ணுங்க. பெவல் செட்டிங்ல இருக்கட்டும். கஸ்டமர் நூறு சேஞ்ச் சொல்வாங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

வாய்தான் சொன்னது. கை கேட்கவில்லை. ஓரம் மழுக்காத கிரைண்டரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாகத்துக்குப் போக என்னால் முடியவில்லை. பட்டன் போடாத சட்டையோடு பஸ்ஸில் ஏறினது மாதிரி இருந்தது. அதனால் பாடி செய்தவுடனே அதன் ஓரத்துக்கெல்லாம் கையால் துணைக்கோடு போட்டேன். சுவிட்சுக்கு ஓட்டை போட்டேன், அதன் நாலு மூலைக்கும் கோடு. கைப்பிடிக்குக் கோடு, காலுக்குக் கோடு, கண்ணுக்கே தெரியாத அடித்தகட்டுக்கும் கோடு. ஒன்பது நாள். ஸ்மூத் பட்டனை அழுத்தினால், ஓரத்தில் வெளிச்சம் ஒரு நூல் மாதிரி நின்றது. ஸ்டீலே தோற்றது போங்கள்.

இன்னும் இரண்டு நல்ல பழக்கமும் எனக்கு இருந்தன. கரன்ட் போய்விடும் என்ற பயத்தில் நிமிஷத்துக்கு ஒருதரம் சேவ் அழுத்துவேன். அப்புறம், ஒரே ஒரு ஃபைல்தான் வைத்துக்கொள்வேன். ஷெட்டில் ஒரு பீஸுக்கு ஒரு பீஸ்தானே? யாராவது ஒரே கதவுக்கு ஏழு கதவு செய்து அடுக்குவார்களா? (இந்த இரண்டையும் ஞாபகம் வையுங்கள். பாம்பு இரண்டும் பின்னால் படமெடுக்கும்.)

அந்த நாள் வந்தது. கிரைண்டர் கம்பெனி முதலாளி ஓசூரிலிருந்து நேரில் வந்தார். வேலுச்சாமி என்று பெயர், கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். கோபமாகப் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நிஜக் கிரைண்டர் ஒன்றைக் கையோடு கொண்டு வந்து மீட்டிங் மேஜை நடுவில் வைத்தார். அவர் சரி என்றால் சாயந்தரம் லெட்டர் என்று ஷில்பா மேடம் காலையிலேயே சொல்லியிருந்தார். உங்கம்மா வீட்டில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

சுவரளவு டிவியில் என் கிரைண்டரைச் சுழல விட்டேன். வேலுச்சாமி எழுந்தே விட்டார்.

"அடேங்கப்பா! நம்ம சரக்கேதானுங்க!"

நான் ஃபோர்மேனை மனதுக்குள் நினைத்து மீசையை முறுக்கினேன். (அப்போது மீசையும் இருந்தது, முடியும் இருந்தது.)

"ஒண்ணே ஒண்ணுங்க தம்பி" என்றார் வேலுச்சாமி. "இந்த மூலை வெடுக்குன்னு நிக்குதுங்க. புது அச்சுல நல்லா உருட்டி விட்டிருக்கறோம், இதா பாருங்க. அப்புறம் சுச்சு. ஒரு விரக்கடை இந்தப் பக்கம் தள்ளோணுமுங்க."

"அஷ்டே, அவ்ளோதானே சார்? ரெண்டு நிமிஷம்" என்றார் ஷில்பா மேடம், என் பக்கம் திரும்பி. "பாஸ்கர், பெவல் நம்பரை ஏத்துங்க. சார் முன்னாடியே காட்டிடலாம்."

ஏற்றுவதற்கு நம்பர் எங்கே இருக்கிறது? அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். நான் சொன்னது, "ஓகே மேடம்."

முன்பக்க மூலையின் துணைக்கோட்டைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளினேன். மூலை அழகாக மழுங்கியது. 'ஆஹா, இவ்வளவுதானா' என்று ஒரு விநாடி நினைத்தேன். ஆனால் பிள்ளைகளே, ஒரு துணைக்கோடு மூலையோடு நிற்காது. அரைஞாண் கயிறு மாதிரி உடம்பை முழுசாகச் சுற்றி வரும். முன்னால் தள்ளினால் பின்னாலும் நகரும். பின்பக்க வளைவில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"தம்பி, பொறத்தால ஏதோ மடிப்பு விழுகுதுங்களே?"

"அது லைட்டிங் சார்."

"லைட்டுங்களா? லைட்டு அடிச்சா ஸ்டீலு மடியுமுங்களா?"

அவசரமாக இன்னும் தள்ளினேன். மூலையின் கோடு போய் சுவிட்சின் கோட்டைத் தாண்டிவிட்டது. சுவிட்ச், பச்சை நெல்லிக்காயைக் கடித்தவன் வாய் மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. சுவிட்சை நகர்த்தினேன். கைப்பிடி இளித்தது. கைப்பிடியைச் சரி செய்தேன். ஒரு கால் உள்ளே போய்விட்டது. ஒரு பல்லைப் பிடுங்கப் போய்த் தாடையே கையோடு வந்த கதை. இதற்கு நடுவே என் இடதுகை, நல்ல பிள்ளை, நிமிஷத்துக்கு ஒருதரம் சேவ் அழுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அலங்கோலமும் பத்திரமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.

அன்டூ அழுத்தினேன். அழுத்தி அழுத்தி அது ஓர் இடத்தில் 'இதுக்கு மேல என்னால முடியாது' என்று நின்றுவிட்டது. அங்கேயும் கிரைண்டருக்கு வாய் கோணித்தான் இருந்தது.

ஷில்பா மேடம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஹளே ஃபைல் ஓபன் பண்ணுங்க. பழசு, பழசு. எல்லிதே?"

"ஒரே ஃபைல்தான் மேடம்."

"ஒந்தேனா?"

"ஆமா மேடம். சேவ் பண்ணிட்டேன் மேடம்."

"அய்யோ தேவ்ரே."

அப்போது எனக்குள் ஃபிட்டர் விழித்துக்கொண்டான். ஓரம் கெட்டுப்போனால் என்ன செய்வோம்? மொத்தமாக ராவித் தள்ளிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்போம். துணைக்கோடு எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து அழித்தேன். ஸ்மூத் பட்டன் அழுத்தின மேனிக்கே இருப்பதை மறந்து போனேன்.

தையல் பிரிந்த தலையணை எப்படி இருக்கும்? என் கிரைண்டர் சுவரளவு டிவியில் மெதுவாக மூச்சை இழுத்து, உப்பி, மூலை முடுக்கு எல்லாம் கரைந்து, மொழுமொழு என்று வந்து நின்றது. சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு தொப்புள்.

கீழேயிருந்து பன் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. வேலுச்சாமி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க தம்பி," என்றார் ரொம்ப மரியாதையாக. "இதுல அரிசியப் போட்டு அரைக்கோணுங்களா, இல்ல இதையே ஆவில வெச்சுக் கொழுக்கட்டையாச் சாப்புடோணுங்களா?"

பூமி பிளக்கவில்லை. பிரேசர் டவுனில் அதற்கெல்லாம் வழி கிடையாது, கீழே பேக்கரி. நான் டிவியைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று எழுந்து, "நிஜ மூலையை அளவு எடுத்துக்கறேன் சார்" என்று உளறிக்கொண்டே மேஜை மேல் இருந்த கிரைண்டரைத் தூக்கினேன்.

சுருக் என்றது. அடித்தகட்டில் பிசிறு. விரலில் ரத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, அந்த எட்டு வருஷம்தான் பொறுப்பு. கிரைண்டரைக் குப்புறக் கவிழ்த்தேன். பையைத் திறந்து அரத்தை எடுத்தேன். மீட்டிங் அறையில், முதலாளி முன்னால், 'கர்ர்... கர்ர்...' என்று ராவ ஆரம்பித்தேன்.

"பாஸ்கர்! லேப்டாப்! லேப்டாப் மேல விழுது!" என்று ஷில்பா மேடம் தன் லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஓடினார். நான் நிறுத்தவில்லை. நாலு பக்கமும் ராவி, தூசியை வாயால் ஊதினேன். அப்போதுதான் தூள் கண்ணில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. போதுமா? இதைத்தான் உங்கம்மா அழுகை என்கிறாள்.

வேலுச்சாமி எழுந்து வந்து கட்டைவிரலால் தகட்டின் ஓரத்தை ஒரு சுற்று தடவினார்.

"எங்கூட்டுல ஆறு மாசமாச் சொல்றாங்க, தூக்கறப்பக் கையக் கிழிக்குதுன்னு. நாந்தான் 'பாத்துத் தூக்கு'ன்னு சத்தம் போட்டுட்டு இருந்தனுங்க" என்றார். பிறகு என் விரலைப் பார்த்தார். "நீங்க முன்னால எங்கீங்க வேலை?"

"பொம்மசந்திரால. ஃபிட்டருங்க."

"அதான பாத்தேன்." ஷில்பா மேடத்திடம் திரும்பினார். "மூணு நாள் எடுத்துக்கோங்கம்மா. ஆனா இவருதான் செய்யோணுமுங்க."

"சார், வேற நல்ல ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க சார்..."

"வேற ஆளுன்னா அவரு ஒருக்காக் கொழுக்கட்டை அவிக்கோணுமில்லீங்க? இவரு அவிச்சு முடிச்சுட்டாரு."

அவர் போன பிறகு ஷில்பா மேடத்திடம் லெட்டர் என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே சொன்னேன். "லெட்டரா? இன்னும் மூணு மாசம் ட்ரையல் பாஸ்கர் அவ்ரே. நீங்க பிழைச்சதே ஜாஸ்தி" என்றார்.

வீட்டுக்குப் போனபோது கேசரி தயாராக இருந்தது. "லெட்டர் எங்கே?" என்றாள் உங்கம்மா. நடந்ததைச் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ தொப்புள் வரை கதை வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளே நீயும் சேர்ந்து உதைத்தாயாம், யாழினி. ஆக, நீ பிறப்பதற்கு முன்பிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். ஷெட்டில் என் மேஜைக்கு ஒரு தகடு வரும்போது அதன் அளவெல்லாம் முடிவாகி, டிராயிங்கில் கையெழுத்தாகி இருக்கும். அப்போது ஓரத்தை மழுக்குவது சரி. இங்கே யாரும் எதையும் முடிவு செய்யும் முன்பே நான் மழுக்கிவிட்டேன். தப்பு கையில் இல்லை, வரிசையில்.

புதிதாகப் போட்டேன். கட்டம் கட்டமாக மொட்டை உருவம். ஓரங்களுக்குக் குறி மட்டும், மழுக்கல் முழுக்க செட்டிங்கில். சுவிட்ச் ஓட்டை வளைவில் இருந்ததால் அங்கே மட்டும் செட்டிங் சொதப்பியது, அந்த ஓர் இடத்துக்குக் கடைசியில் கையால் கோடு போட்டேன். ஒன்பது நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. ஃபைலுக்கு நான்கு நகல். வேலுச்சாமி போனில் மூன்று தரம் மூலையை மாற்றச் சொன்னார், மூன்று தரமும் நம்பரைத் தட்டி உடனே அனுப்பினேன். நாலாவது தரம், "இதேதானுங்க தம்பி, நிறுத்திக்கோங்க" என்றார்.

மூன்று மாதம் கழித்து லெட்டர் வந்தது. அதற்குள் நீயும் வந்துவிட்டாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். வேலுச்சாமி அனுப்பி வைத்த கிரைண்டர்தான் இன்றைக்கும் நம் வீட்டில் ஓடுகிறது, கவின் 'கொழுக்கட்டை' என்று கூப்பிடுகிறானே, அதேதான். அடியில் தடவிப் பாருங்கள், பிசிறு இருக்காது. ஸ்கூல் சார்ட்டில் எழுதும் முன்பே சுற்றிலும் ஜிகினா ஒட்டிவிட்டு இடமில்லாமல் முழித்தால், "அப்பா மாதிரி முதல்லயே கோடு போட்டுட்டியா?" என்று அம்மா கேட்பதற்கும் இதுதான் காரணம்.

உங்கம்மாவுக்குத் தெரியாத ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. மூன்றாம் நாள் வேலுச்சாமி சரி சொன்னதும், எல்லோரும் டீ குடிக்கக் கீழே பேக்கரிக்குப் போனார்கள். நான் மட்டும் இருந்தேன். பெவல் நம்பரை ஏற்றி இறக்கி, எல்லா மூலையும் ஒன்றாக மழுங்கி ஒன்றாகக் கூராவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மேஜை டிராயரை இழுத்தேன். அதன் உள்பக்கத் தகட்டில் ஒரு பிசிறு உண்டு. ஆறு மாதமாகக் கையைக் கீறிக்கொண்டிருந்தது. நம் மேஜையா என்ன என்று விட்டு வைத்திருந்தேன். பையிலிருந்து அரத்தை எடுத்து நாலே இழுப்பு இழுத்தேன். தூளைக் கர்சீப்பால் துடைத்து, கட்டைவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்தேன். அரத்தைத் துணியில் சுற்றி டிராயருக்குள் வைத்து மூடினேன்.